புது வண்டிக்கு மாலை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ யார்டுக்கு போயிட்டு வாங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பதினாலு வருஷம் கார் ஷோரூம்ல வேலை பாத்தவன், அதுல பாதிக்கு மேல ஸ்டாக்யார்டுலதான். கம்பெனியில இருந்து ட்ரெய்லர்ல வர்ற வண்டிய எறக்கி, சுத்திப் பாத்து, நோட்டுல ஏத்தி, கழுவி, கஸ்டமர் கைக்கு சாவி போற வரைக்கும் எங்க ஆளுங்க பொறுப்பு. இப்ப மதுரைல சொந்தமா ஒர்க்ஷாப் வச்சிருக்கேன். புது வண்டி புக் பண்ணவங்க வந்து கேப்பாங்க, அண்ணே எந்த கலர்ல அழுக்கு தெரியாது, மைலேஜ் எவ்ளோ வரும், எந்த நாள்ல எடுக்கலாம்னு. வண்டிய எப்ப போய்ப் பாக்கணும்னு மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, டெலிவரி அன்னைக்குதான் பாக்கப் போறோமே அப்புறம் என்னன்னு நெனப்பு. அதப் பத்தி பேசத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

டெலிவரி அன்னைக்கு யாராலயும் வண்டிய பாக்க முடியாதுங்க. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம், வீட்ல இருந்து எட்டு பேர் வந்திருப்பாங்க, பாட்டி கையில தேங்காய் வச்சுட்டு நிப்பாங்க, நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம், வண்டி மேல துணி போத்தி ரிப்பன் கட்டி, கேக் வெட்டச் சொல்லி போட்டோ எடுப்பாங்க, ஷோரூம் லைட்டுல வண்டி பளபளன்னு மின்னும், அந்த நேரத்துல குனிஞ்சு டயர்ல தேதி பாக்க யாருக்கு மனசு வரும் சொல்லுங்க. ஆயுத பூஜை சமயம், தை மாச முகூர்த்தம்னா ஒரே காலைல வரிசையா டெலிவரி இருக்கும், குடுக்குற பையனுக்கும் நேரம் இருக்காது. அது சந்தோஷமா இருக்க வேண்டிய நேரம், அப்படியே இருக்கட்டும். பாக்குற வேலைய அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே முடிச்சிரணும், அதாவது மீதி பணம் கட்டுறதுக்கு முன்னாடி, முக்கியமா உங்க பேருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் போறதுக்கு முன்னாடி.

ரிஜிஸ்ட்ரேஷன ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, நம்பர் விழுற வரைக்கும் அது ஷோரூமோட சரக்கு. ஒரு குறை காட்டுனீங்கன்னா அத ஓரமா வச்சிட்டு வேற சேஸ் நம்பர், அதாவது பாடில தனியா அடிச்சிருக்குற வேற அடையாள நம்பர் உள்ள வண்டிய உங்களுக்கு ஒதுக்கலாம், அவங்களுக்கு பெரிய நஷ்டம் கெடையாது. உங்க பேர்ல நம்பர் விழுந்த அடுத்த நிமிஷம் நீங்க முதல் ஓனர், அந்த வண்டிய திருப்பி வாங்குனா அவங்க கையில இருக்குறது செகண்ட் ஹேண்ட் வண்டி, அதனால மாத்தித் தர மாட்டாங்க, சரி பண்ணித் தர்றோம்னுதான் சொல்வாங்க.

என் அக்கா வீட்லயே இது நடந்துச்சு. நான் அப்ப வேற ஊர்ல வேலைல இருந்தேன், மாமாவும் அக்காவும் அவங்க ஊர்லயே புக் பண்ணி பணத்த கட்டி நம்பரும் வாங்கிட்டாங்க, நான் டெலிவரி அன்னைக்கு காலைலதான் பஸ்ஸுல போய் எறங்குனேன். பூஜையெல்லாம் முடிஞ்சு வெளிய வெயில்ல கொண்டாந்து நிறுத்தும்போது பாக்குறேன், இடது பக்கம் பின்னாடி கதவு மட்டும் ஒரு சாயல் மாறி இருக்கு. கிட்டப் போய் கதவோரம் ரப்பர் பீடிங்க லேசா தூக்கிப் பாத்தா, அந்த ரப்பர் மடிப்புல பொடிப்பொடியா வெள்ளை பெயிண்ட் தெறிச்சிருக்கு. கதவு கீல் போல்ட்டுல ஸ்பேனர் கடிச்ச தடம். கம்பெனியில பெயிண்ட் அடிச்சிட்டுதான் ரப்பர் மாட்டுவாங்க, அதனால ரப்பர்ல பெயிண்ட் வரவே வராது, அப்ப இந்த கதவு வழியில எங்கயோ அடி வாங்கி வெளிய டிங்கரிங் பாத்து அடிச்சது. கேட்டா பாலிஷ்ல வந்த சாயல் சார்னாங்க. அக்கா முகம் அப்படியே விழுந்து போச்சு, ஆறு வருஷம் சீட்டு போட்டு சேத்த பணம். ரெண்டு மாசம் அலைஞ்சு கடைசில எக்ஸ்டெண்டட் வாரண்டி இலவசமா குடுத்தாங்க, வண்டி மாறல. முந்தின வாரம் ஒரு அரை மணி நேரம் யாராவது வெயில்ல வச்சுப் பாத்திருந்தா அது அங்கயே நின்னிருக்கும்.

அதனால உங்களுக்கு வண்டி அலாட் ஆனதும் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் கிட்ட சேஸ் நம்பர வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. 17 எழுத்து இருக்கும், அதுல ஐ, ஓ, க்யூ இந்த மூணு இங்கிலீஷ் எழுத்தும் வரவே வராது, 1, 0 கூட குழப்பம் ஆயிரக்கூடாதுன்னு அந்த முறையிலயே விட்டுட்டாங்க. அந்த நம்பர வச்சுட்டு பகல்ல யார்டுக்கு போங்க, ராத்திரி ஏழு மணிக்கு போகாதீங்க. மழை பெய்ஞ்சு வண்டி நனைஞ்சிருந்தா கீறல் தெரியாது, அப்பவும் வேண்டாம். வண்டியில அடிச்சிருக்குற நம்பரும் கையில இருக்குறதும் ஒண்ணான்னு எழுத்து எழுத்தா பாருங்க. ஃபாரம் 21னு சேல் சர்டிபிகேட் ஒண்ணு தருவாங்க, வண்டி எந்த மாசம் எந்த வருஷம் தயாரானதுன்னு அதுல இருக்கும், டிராஃப்ட் காப்பிய முன்னாடியே கேட்டுப் பாக்கலாம். டிசம்பர்ல தயாரான வண்டிய ஜனவரில எடுத்தா நாளைக்கு விக்கும்போது போன வருஷ மாடல்னுதான் விலை பேசுவாங்க, எடுக்கக்கூடாதுன்னு சொல்லல, அந்த வித்தியாசத்த இப்பவே விலைல கேட்டு வாங்குங்க. 2017 மார்ச் கடைசில பழைய புகை விதிப்படி செஞ்ச பிஎஸ் 3 வண்டிய ஏப்ரல்ல இருந்து விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப ரெண்டே நாள்ல பைக்குகள எப்படி அள்ளிக் குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்குறவங்களுக்கு தேங்குன சரக்குக்கு என்ன மதிப்புன்னு புரியும்.

வண்டிக்கு கிட்ட போனதும் முதல்ல டயர். பக்கவாட்டுல ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 2325னு இருந்தா 2025ல 23வது வாரம் செஞ்சது. நாலு டயரும் ஸ்டெப்னியும் கிட்டத்தட்ட ஒரே சமயம் இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப தள்ளி இருந்தா ஏன் மாத்துனீங்கன்னு கேக்கலாம். கண்ணாடிகள்லயும் ஓரத்துல கம்பெனி முத்திரை இருக்கும், எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. அப்புறம் வண்டிக்கு பக்கவாட்டுல உக்காந்து கண்ண பாடி மட்டத்துக்கு கொண்டு போய் நீளவாக்குல பாருங்க, நேரா நின்னு பாத்தா தெரியாத சொட்டை அப்ப தெரியும். பிரேக் டிஸ்க்ல லேசா துரு இருந்தா பயப்படாதீங்க, யார்டுல நின்ன எல்லா வண்டிலயும் வரும், நாலு தடவ பிரேக் புடிச்சா போயிரும். கிலோமீட்டர் முப்பது நாப்பதுக்குள்ள இருந்தா சரி, எறக்கி ஏத்தி ஓட்டுனதுல அவ்ளோ வரும். இருநூறு முந்நூறுன்னா விடாதீங்க, டெமோ ஓட்டுனதா வேற ஊர் யார்டுல இருந்து ரோட்லயே ஓட்டிட்டு வந்ததான்னு கேளுங்க.

சீட் பெல்ட் ஒண்ணு, இத நான் யார்டுல ரொம்ப வருஷம் கழிச்சுதான் ஒரு மூத்த மெக்கானிக் கிட்ட கத்துக்கிட்டேன். பெல்ட்ட பாதி இழுத்துப் பாத்துட்டு விட்டுறாதீங்க, கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சுருண்டு கெடக்குற பகுதி வெளிய வரும். தண்ணி ஏறுன வண்டிய என்னதான் கழுவுனாலும் அந்த உள் பகுதிய யாரும் கழுவ மாட்டாங்க, கோடு போட்ட மாதிரி மண் கறை நிக்கும். அதோட மூக்க கார்பெட் கிட்ட கொண்டு போங்க, சீட்டு நகர்ற தண்டவாளத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிங்க. சென்னை 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மழையையும் பாத்தது நம்ம தமிழ்நாடு, யார்டு பெரும்பாலும் ஊருக்கு வெளிய தாழ்வான காலி இடத்துலதான் இருக்கும், அதனால பெரிய மழைக்கு அப்புறம் வண்டி எடுக்குறவங்க இத கண்டிப்பா பாக்கணும். மிச்சபடி ஏசி, லைட், ஹாரன், பவர் விண்டோ, ஸ்கிரீன் எல்லாம் ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. பேட்டரி செத்துப் போய் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணித்தான் எடுக்குறாங்கன்னா புது பேட்டரி கேளுங்க.

இதெல்லாம் காருக்கு. பைக், ஸ்கூட்டர் எடுக்குறவங்கதான் நம்ம ஊர்ல அதிகம், அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பின்னாடி உக்கார்றவங்க புடிச்சுக்குற கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்துல மாட்டாம இருக்குற கார்டு, இது மூணும் மத்திய மோட்டார் வாகன விதி 123ல இருக்கு, வண்டியோட வர வேண்டியது. ஹெல்மெட் விதி 138ல இருக்கு, வண்டி வாங்கும்போதே கம்பெனி தரணும், ஐஎஸ்ஐ முத்திரையோட. ஆக்ஸசரீஸ்னு ஒரே வரியில நாலாயிரம் அஞ்சாயிரம் போட்டு பில்ல நீட்டுனா, என்னென்னன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. சக்கரத்துல சேலை மாட்டி விழுந்த அம்மாக்கள நான் என் கண்ணால பாத்திருக்கேன், அதனால இந்த கார்டு விஷயத்துல எனக்கு கோவமே வரும்.

இப்ப பணம். ஆன்ரோடு விலைன்னு மொத்தமா ஒரு தொகை சொல்வாங்க, அத ஒத்துக்காதீங்க, எக்ஸ் ஷோரூம்னு சொல்ற வண்டி விலை, ரிஜிஸ்ட்ரேஷன் அப்ப கட்டுற லைஃப் டேக்ஸ், இன்ஷூரன்ஸ், மத்ததுன்னு தனித்தனியா வாங்குங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து லைஃப் டேக்ஸ் காருக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் 12 சதவீதம், அஞ்சுல இருந்து பத்து லட்சம் வரைக்கும் 13, பத்துல இருந்து இருபது வரைக்கும் 18, அதுக்கு மேல 20. பைக்குக்கு ஒரு லட்சம் வரைக்கும் 10, மேல போனா 12. இது தெரியாம ஏமாறுறவங்கள விட, இது தெரியாம தப்பான வேரியண்ட் எடுக்குறவங்கதான் அதிகம். 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு டேக்ஸ் 1,28,700. அதே மாடல்ல ஒரு வேரியண்ட் மேல போய் 10 லட்சத்து 20 ஆயிரம்னா டேக்ஸ் 1,83,600. வண்டி விலை முப்பதாயிரம்தான் கூடுச்சு, டேக்ஸ் அம்பத்தஞ்சாயிரம் கிட்ட கூடுது. பத்து லட்சம் தாண்டுனா வருமான வரி கணக்குல டிசிஎஸ்னு ஒரு சதவீதம் வேற புடிப்பாங்க, அது உங்க பணம், இன்கம்டேக்ஸ் ரிட்டர்ன்ல திரும்ப வாங்கிக்கலாம், அதுக்கு பான் நம்பர் சரியா குடுத்திருக்கணும்.

இன்ஷூரன்ஸ் ஷோரூம்லதான் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்லங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு மூணு வருஷம், பைக்குக்கு அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் கண்டிப்பா எடுத்தாகணும், நம்ம வண்டிக்கு நாம எடுக்குற ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்கு எடுத்தா போதும். அவங்க குடுக்குற கொட்டேஷன வாங்கிட்டு வெளிய ரெண்டு எடத்துல அதே கவர், அதே ஐடிவி (வண்டி மொத்தமா போனா கெடைக்குற தொகை) சொல்லி கேளுங்க. ஐடிவி புது வண்டிக்கு எக்ஸ் ஷோரூம் விலைல 95 சதவீதம் வரும், பிரீமியம் கம்மியா காட்டுறதுக்கு ஐடிவிய கொறைச்சிருக்காங்களான்னு பாத்துக்கோங்க. இன்னொண்ணு, பழைய காரை வித்துட்டு புதுசு எடுக்குறவங்க நிறைய பேர் நோ க்ளெய்ம் போனஸ, அதாவது க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல கெடைக்குற தள்ளுபடிய விட்டுர்றாங்க. அது வண்டியோட போகாது, உங்களோடதான் வரும், பழைய கம்பெனியில இருந்து லெட்டர் வாங்கிக் குடுத்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் கொறையும். பாலிசி வந்ததும் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர ஆர்சியோட ஒத்துப் பாருங்க, ஒரு எழுத்து மாறுனாலும் க்ளெய்ம் நேரத்துல அலைய விடுவாங்க.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு குடுக்குற ஃபாரம் 20ல கையெழுத்து போடும்போது அட்ரஸையும் செல் நம்பரையும் நிதானமா படிங்க, ஏன்னா இப்ப ஆர்சி கார்டு ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்குதான் வருது, டோர் நம்பர் தப்பா இருந்தா திரும்பிப் போயிரும். செல் நம்பர் ஏஜெண்டோடது இருந்தா ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும், ஃபாஸ்டேக்லயும் இதே கதைதான். வெத்து ஃபாரத்துல கையெழுத்து போட்டுக் குடுக்காதீங்க. நம்பர் பிளேட் மாட்டாம வண்டிய வெளிய எடுக்காதீங்க, 2019 ஏப்ரல்ல இருந்து புது வண்டிக்கு ஹை செக்யூரிட்டி பிளேட் வண்டியோடயே வரணும், அதுக்கு தனியா காசு கேட்டா குடுக்க வேண்டாம்.

சீட் கவர் போடுறவங்க சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக்னு எழுதுன துணி டேக் இருக்கான்னு பாத்துக்கோங்க. அந்த தையல் பிரிஞ்சுதான் பலூன் வெளிய வரும், அது மேல கெட்டியா ரெக்ஸின் வச்சு தச்சுட்டா சமயத்துல தடுத்துரும். லைட்டுக்காக ஒயர வெட்டி ஜாயிண்ட் போட்டாங்கன்னா எலக்ட்ரிகல் வாரண்டி போச்சுன்னு எழுதிடுவாங்க, ஒயர வெட்டாம சொருகுற கப்ளர் மாட்டுறதுன்னா மட்டும் சம்மதிங்க.

இவ்ளோ பாத்தும் குறை வந்து ஷோரூம்ல கை விரிச்சா, முதல்ல மெயில்ல எழுதுங்க, வாய்ல பேசுனதுக்கு சாட்சி கெடையாது. 1915ங்கற நம்பர் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன பொருளுக்கு அங்க போகலாம், 2019 சட்டப்படி வண்டி எந்த ஊர்ல வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம்.

டெலிவரி எடுத்த அன்னைக்கு ரெண்டு சாவியும் இருக்கான்னு எண்ணி வாங்கிக்கோங்க. பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கும், நேரா பங்க்குக்குதான் போவீங்க, அங்கயே டயர்ல காத்து பாக்கச் சொல்லுங்க. ட்ரெய்லர்ல வரும்போதும் யார்டுல நிக்கும்போதும் டயர் அமுங்கக் கூடாதுன்னு காத்த கூடவே அடிச்சிருப்பாங்க, சில சமயம் அத கொறைக்காமலே குடுத்துடுவாங்க, வண்டி தூக்கித் தூக்கிப் போடுதேன்னு மறுநாளே என் ஒர்க்ஷாப்புக்கு வந்தவங்க இருக்காங்க. டிரைவர் கதவத் தெறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், எவ்ளோ காத்துன்னு அதுலயே போட்டிருக்கும், அந்த அளவுக்கு வச்சிட்டு வீட்டுக்கு கெளம்புங்க. நன்றி, வணக்கம்.