ஹால்ப் அஹ்ட் என்றால் எத்தனை மணி?

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மன் மொழி என்றதும் பலரும் இலக்கணத்தை நினைத்துத்தான் மிரள்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்று பால், அவற்றுக்கு நான்கு வேற்றுமைகள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு நெடுங்காலமாக நான் ஜெர்மன் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் வகுப்பில் இந்த மூன்றையும் தொடவே மாட்டேன். டெர் என்பதற்குப் பதில் டாஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் ரொட்டி தர மறுப்பதில்லை. நான் எண்களில்தான் தொடங்குவேன். எழுத்தில் பார்க்கும் எண்கள் அல்ல, காதில் விழும் எண்கள்.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நேரம், வரிசை நீண்டிருக்கிறது. இரண்டு ப்ரோட்ஷென், அதாவது சின்ன உருண்டை ரொட்டி, கேட்க வேண்டும். 'இஹ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ரோட்ஷென்' என்று மனப்பாடம் செய்து வைத்ததைச் சொல்லிவிடலாம். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். 'டாஸ் வேர்ஸ்', அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வருகிறது விலை. ஒரு யூரோ நாற்பத்தைந்து சென்ட் என்பதை அவர்கள் ஒன்று, ஐந்தும் நாற்பதும் என்ற வரிசையில் சொல்வார்கள். ஒன்றாம் இடம் முதலில், பத்தாம் இடம் பிறகு. ஆங்கிலக் காதுக்கு ஐந்து முதலில் விழுந்ததும் மனம் ஐம்பதுக்குத் தாவிவிடுகிறது. பின்னால் நிற்பவர் காலை மாற்றி நிற்கிறார். விலை புரியாத மாணவர்கள் உடனே இருபது யூரோ நோட்டை நீட்டுவார்கள். இப்படியே நோட்டு நோட்டாக நீட்டி, பை நிறையச் சில்லறையோடு மாதக்கணக்கில் நடமாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் ஆங்கிலத்துக்கு இது புதிதல்ல. பதிமூன்று முதல் பத்தொன்பது வரை ஆங்கிலமும் சிறிய எண்ணைத்தான் முதலில் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் இருபத்து நான்கையும் நான்கும் இருபதும் என்றே சொன்னார்கள். ஆகவே கூச்சமில்லாமல் பழகுங்கள். யாரையாவது தொலைபேசி எண்களை இரண்டிரண்டு இலக்கமாக ஜெர்மனில் வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். ஒவ்வொரு இரண்டிலக்க எண்ணும் முழுதாகக் காதில் விழும்வரை தாளில் பேனாவை வைக்காதீர்கள். தொலைபேசியில் இரண்டை ட்ஸ்வோ என்று சொன்னால் திகைக்க வேண்டாம். ட்ஸ்வை என்பது மூன்றைக் குறிக்கும் ட்ரையோடு குழம்பிவிடும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள்.

இனி கடிகாரம். இதைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடித்ததில்லை. வட இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் நகருக்கு வேலைக்கு வந்த பொறியாளர் ஒருவர் என்னிடம் படித்தார். பல்வலி. மருத்துவமனைக்குப் போன் செய்தார், 'ஹால்ப் அஹ்ட்' என்று நேரம் கொடுத்தார்கள். ஹால்ப் என்றால் பாதி, அஹ்ட் என்றால் எட்டு. அவருடைய ஊரில் பாதி எட்டு என்றால் எட்டரை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு இருபதுக்கே போய் நின்றார். வரவேற்பில் இருந்த பெண் பதிவேட்டில் ஒரு வரியைக் காட்டினார். அவருக்குக் குறித்திருந்த நேரம் ஏழரை! வலியோடு இன்னும் இரண்டு நாள் காத்திருந்தார் அந்த மனிதர்.

நாம் ஏழரை என்று முடிந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்கள் வரப்போகும் மணியைப் பார்க்கிறார்கள். எட்டாவது மணி ஒரு குடம் என்றால், அதில் பாதி நிறைந்திருக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இன்னும் ஒரு படி போய், ஏழே காலைக் கால் எட்டு என்றும், ஏழே முக்காலை முக்கால் எட்டு என்றும் சொல்வார்கள். கால் குடம், அரைக் குடம், முக்கால் குடம், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ஏழு மணி முப்பதா என்று இலக்கமாகத் திருப்பிக் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், திருப்பிக் கேளுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

நீங்கள் தடுமாறினால் எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவும் எண்ணம்தான், ஆனால் நீங்கள் கற்பது அங்கேயே நின்றுவிடும். புன்னகையோடு ஜெர்மனிலேயே தொடருங்கள். வீட்டில் காதைப் பழக்க, டாய்ச்ச வெல்லெ வானொலி நிறுவனம் நிதானமாக வாசித்து வெளியிடும் செய்திகள் இருக்கின்றன. வானொலியின் அருமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வானொலி நிலையத்தார் கை காட்டுகிறார்கள், ரயிலைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. இரண்டே செய்திகள். அறிமுகமில்லாதவரிடம் 'ஸீ' என்றே பேசுங்கள், அது நம்முடைய நீங்கள். 'டூ', அதாவது 'நீ' என்பதற்கு மாறலாம் என்று மூத்தவர் சொல்லட்டும். நடைமேடை ஒலிபெருக்கியில் 'ஃபெல்ட் அவுஸ்' என்று கேட்டால் அந்த ரயில் ரத்து, அடுத்ததைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.