யூதா எங்கே மாறினான்?

நேயர்களுக்கு வணக்கம்.

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் குடும்பக் கதைகளை நம்மில் பலர் ஓய்வுநாள் பள்ளியில் துண்டு துண்டாகத்தான் கேட்டோம். ஒரு வாரம் யோசேப்பின் பலவருண அங்கி, அடுத்த வாரம் பார்வோனின் கனவு. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு நீதி. கதை மனதில் நிற்கும். ஆனால் யாக்கோபு, அவன் பிள்ளைகளான யூதா, யோசேப்பு முதலானோரின் அந்த வீட்டுக்குள் தேவன் என்ன செய்கிறார் என்பது பிடிபடாது. ஒருவன் செய்ததன் விளைவு இங்கே பத்து அதிகாரம் தள்ளித்தான் தலைகாட்டும்.

27ஆம் அதிகாரத்தில், மூத்தவன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதம் இளையவன் யாக்கோபுக்குக் கிடைக்கவேண்டும் என்று, கண் மங்கிய கணவன் ஈசாக்குக்காக ரெபெக்காள் இரண்டு வெள்ளாட்டுக்குட்டிகளைச் சமைக்கிறாள். அவற்றின் தோலை யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் போர்த்தி, ஏசாவின் உடையை உடுத்திவிடுகிறாள். 37ஆம் அதிகாரத்தில் அதே யாக்கோபு முதியவன். அவன் செல்லப்பிள்ளை யோசேப்பை விற்றுவிட்ட மற்றப் பிள்ளைகள் ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடித்து, அதன் இரத்தத்தில் யோசேப்பின் அங்கியைத் தோய்த்து அனுப்புகிறார்கள். ஆட்டாலும் உடையாலும் தகப்பனை ஏமாற்றியவன், ஆட்டாலும் உடையாலுமே ஏமாறுகிறான். இது தண்டனை என்று எங்கும் எழுதியில்லை. கவனித்து வாசிக்கிறவருக்கென்று விட்டிருக்கிறது.

அடுத்தது 38. பிள்ளைகள் முன் வாசிக்கக் கூச்சப்பட்டுப் பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் யோசேப்பின் கதை கைநழுவுகிறது. தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. கிடைத்தது 20 வெள்ளிக்காசு. அந்த யூதா இந்த அதிகாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுக்கிறான். மூன்றாமவனும் போய்விடுவானோ என்ற பயத்தில், விதவை மருமகள் தாமாருக்குச் சேரவேண்டிய நியாயத்தை, அதாவது அந்த மூன்றாமவனுக்கு அவளை மணமுடித்துக் கொடுப்பதை, மறுக்கிறான். அவள் முகத்தை மூடி வழியில் உட்கார, யாரென்று அறியாமல் அவளிடம் போகிறான். கூலிக்கு ஒரு வெள்ளாட்டுக்குட்டி அனுப்புவதாகச் சொல்லி முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அடகு வைக்கிறான். பிறகு அவள் கர்ப்பிணி என்று கேட்டு, சுட்டெரிக்கச் சொல்கிறான். அவள் அடகுப் பொருள்களை அனுப்புகிறாள். அவன் மழுப்பியிருக்கலாம். ஆனால், "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். யூதா மாறத் தொடங்குவது இந்த இடத்தில்தான் என்பது என் துணிபு.

பஞ்ச காலத்தில், யோசேப்பின் உடன்பிறந்த தம்பி பென்யமீனை எகிப்துக்கு அனுப்பத் தகப்பன் மறுக்கும்போது, யூதா தன்னையே பிணையாகக் கொடுக்கிறான். அங்கே, அவர்கள் அடையாளம் காணாத எகிப்தின் அதிகாரியாகிவிட்ட யோசேப்பின் வெள்ளிப் பாத்திரம் பென்யமீனின் சாக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. செல்லப்பிள்ளையை அந்நிய தேசத்தில் அடிமையாக விட்டுவிட்டு வீடு திரும்ப இரண்டாவது முறை வாய்ப்பு. அப்போது யூதா பேசுவதை, 44ஆம் அதிகாரம் 18 முதல் 34 வரை, வாய்விட்டு வாசியுங்கள். "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்" என்று தகப்பன் சொன்னதை அவன் அப்படியே எடுத்துச் சொல்கிறான். அந்த மனைவி யோசேப்பையும் பென்யமீனையும் பெற்ற ராகேல். யூதாவோ இன்னொரு மனைவி லேயாளின் மகன். அந்தக் கணக்கில் அவன் தாயும் இல்லை, அவனும் இல்லை. இருந்தும் அதில் கசப்பு காட்டாமல், அந்தத் தகப்பனுக்காகத் தம்பியின் இடத்தில் தான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். இரண்டு பிள்ளைகளை இழந்தவனுக்கு, பிள்ளையை இழப்பது என்னவென்று தெரியும். பழைய பாவத்துக்கான அதே சந்தர்ப்பம் மீண்டும் வரும்போது, செய்ய முடிந்தும் விலகுவதே முழு மனந்திரும்புதல் என்றார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ்.

37 முதல் 45 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். உடை, ஆடு, அடகு வரும் இடங்களில் கோடு போடுங்கள். தேவன் பேசும் இடங்களையும் தேடுங்கள். 37 முதல் 50 வரை அவர் நேரடியாகப் பேசுவது பெயெர்செபாவில், யாக்கோபிடம் மட்டுமே. யோசேப்பிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. கர்த்தர் அவனோடே இருந்தார் என்று கதை சொல்கிறதே தவிர, சிறையில் எந்தக் குரலும் கேட்கவில்லை. மௌனத்தையே கைவிடுதல் என்று எண்ணித் தவிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்ற 50ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தைத் துக்க வீட்டில் எடுத்துச் சொல்லி ஆறுதல்படுத்தப் பார்க்கிறோம். அதைச் சொன்ன யோசேப்பு பாதிக்கப்பட்டவன். கேட்டவர்கள் அவனை விற்றவர்கள். விற்கப்பட்டு ஏறக்குறைய 39 ஆண்டு ஆகியிருந்தது. வெளியாள் அதை அவசரமாகச் சொன்னால் புண்ணில் கோல் வைத்ததாகிவிடும். 21ஆம் வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள்: உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்று யோசேப்பு அவர்களுக்குச் சொல்கிறான்.