பெல்ஃபாஸ்ட் சட்டமன்றமும் ஆதரவுக் கணக்கும்

சேலத்திலும் ஏற்காட்டு மலைமேலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். பிளவுபட்ட ஒரு மண்ணில் தனிச் சட்டமன்றம் அமைய எவ்வளவு ஆதரவு வேண்டும்? பாதிக்கு மேல் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நம் ஏற்காடு தொகுதியில் பாதிகூடத் தேவையில்லை. அடுத்தவரைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினால் எம்.எல்.ஏ. ஆகிவிடலாம். பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வடக்கு அயர்லாந்தில், அதன் தலைநகர் பெல்ஃபாஸ்டில் கூடும் சட்டமன்றத்தில், இந்தக் கணக்கு எடுபடவில்லை.

அங்கே பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்கள் யூனியனிஸ்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். அயர்லாந்தோடு சேர விரும்புபவர்கள் நேஷனலிஸ்டுகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1921 முதல் 1972 வரை அங்கே ஒரு பாராளுமன்றம் இருந்தது. யூனியனிஸ்ட் கட்சிக்குத் தலைகள் அதிகம் என்பதால் அதுவே தொடர்ந்து ஆண்டது. விகிதாசாரத் தேர்தல் முறையையும் 1929 தேர்தலிலேயே எடுத்துவிட்டது. பெரும்பான்மை ஆட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் சிறுபான்மைக்கு வாசற்கதவே கிடையாது. கலவரம் முற்றி, 1972 மார்ச்சில் லண்டன் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அடுத்து 1974 ஜனவரியில் இரு தரப்பும் சேர்ந்த அமைச்சரவை வந்தது. பிப்ரவரியில் நடந்த லண்டன் பாராளுமன்றத் தேர்தலில், வடக்கு அயர்லாந்தின் 12 இடங்களில் 11 அந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்களுக்குப் போயிற்று. மே மாதம் யூனியனிஸ்ட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து மின்சாரத்தைக் குறைத்தார்கள். இரண்டே வாரத்தில் அமைச்சரவை கவிழ்ந்தது. சபைக்குள் எண்ணிக்கை அப்போதும் இருந்தது. வெளியே ஒரு தரப்பு முழுசாக நழுவிவிட்டது. 1982இல் இன்னொரு சபை. அதிகாரம் வேண்டுமானால் 78 பேரில் 70 விழுக்காடு, அதாவது 55 பேர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். நேஷனலிஸ்ட் கட்சிகள் உள்ளேயே வரவில்லை. 1986இல் கலைத்துவிட்டார்கள். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

புதிய சட்டமன்றத்துக்கு வழி செய்த 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தம்தான் கணக்கையே மாற்றியது. மே 22 வாக்கெடுப்பில் 71.1 விழுக்காடு ஆதரவு. ஆனால் மொத்தப் பிரதேசத்தையும் ஒரே தொகுதியாக வைத்து எண்ணியதால், எந்தத் தரப்பில் எவ்வளவு என்று அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. அது வேண்டுமென்றே செய்த புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சபைக்குள் அப்படி மறைக்க முடியாது. ஒவ்வொரு உறுப்பினரும் யூனியனிஸ்ட், நேஷனலிஸ்ட், மற்றவர் என்ற மூன்றில் ஒன்றில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். முக்கியத் தீர்மானம் நிறைவேற இரண்டு வழி. ஒன்று, மொத்தத்திலும் பெரும்பான்மை, இரு தரப்பிலும் தனித்தனியே பெரும்பான்மை. இன்னொன்று, மொத்தத்தில் 60 விழுக்காடு, ஒவ்வொரு தரப்பிலும் குறைந்தது 40. முதல் அமைச்சரைத் தேர்ந்தெடுக்க அப்போது முதல் வழி மட்டும்தான் செல்லும்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 1998இல் 108 பேரில் யூனியனிஸ்டுகள் 58. அவர்களில் ஒப்பந்தத்தை ஆதரித்த இரு கட்சிகளுக்கும் சேர்த்து 30, எதிர்த்தவர்கள் 28. இரண்டு பேர் மனம் மாறினால் அந்தத் தரப்பில் பெரும்பான்மை போச்சு. அதேதான் நடந்தது. 2001 நவம்பர் 2 அன்று அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சித் தலைவர் டேவிட் ட்ரிம்பிளை மீண்டும் முதல் அமைச்சராக்க ஓட்டெடுப்பு. சபையில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு, நேஷனலிஸ்டுகள் ஒருவர் விடாமல் ஆதரவு. யூனியனிஸ்ட் பக்கத்தில் மட்டும் 29க்கு 30. தோற்றார். நான்கு நாள் கழித்து, நடுநிலையான அலையன்ஸ் கட்சியில் மூன்று பேர் தங்களை 'யூனியனிஸ்ட்' என்று மாற்றிப் பதிந்துகொண்டார்கள், ட்ரிம்பிள் ஜெயித்தார். சட்டப்படி சரிதான். பார்க்கத்தான் நன்றாக இல்லை.

அமைச்சர் பதவிகளை டி'ஹாண்ட் முறையில் பிரிப்பார்கள். கட்சியின் இடங்களை 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், பெரிய எண் வருகிற கட்சி தனக்கு வேண்டிய துறையை எடுத்துக்கொள்ளும். 1999இல் 10 துறைகள். 28 இடம் வைத்திருந்த அல்ஸ்டர் யூனியனிஸ்டுக்கு 28, 14, 9.3 என்று மூன்று துறை. 24 இடம் இருந்த நேஷனலிஸ்ட் கட்சி எஸ்.டி.எல்.பி.க்கும் மூன்று, 20 இருந்த, ஒப்பந்தத்தை எதிர்த்த யூனியனிஸ்ட் கட்சி டி.யு.பி.க்கும் 18 இருந்த இன்னொரு நேஷனலிஸ்ட் கட்சி ஷின் ஃபேனுக்கும் இரண்டிரண்டு. கூட்டணிப் பேரம் தேவையே இல்லை. பிடிக்காதவனும் அமைச்சராகிவிடுவான் என்பதுதான் வில்லங்கம். டி.யு.பி. தன் இரண்டு துறைகளையும் வாங்கிக்கொண்டு, அமைச்சரவைக் கூட்டத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்றது.

எந்தத் துறைகளைக் கொடுப்பது என்பதிலும் தயக்கம் இருந்தது. நம் பக்கத்துக் குமாரமங்கலம் சுப்பராயன் 1926இல் சென்னை மாகாண முதல் மந்திரியானபோது கல்வி, சுகாதாரம் மந்திரிகளிடம், போலீசும் நிலவரியும் கவர்னர் பக்கம். பெல்ஃபாஸ்டிலும் போலீசும் நீதித்துறையும் 2010 ஏப்ரலில்தான் கைக்கு வந்தன. அந்த ஒரு துறைக்கு மட்டும் டி'ஹாண்ட் கிடையாது. அமைச்சருக்கு இரு தரப்பு ஓட்டும் வேண்டும். அதனால்தான் முதல் ஆளாக அலையன்ஸ் கட்சியின் டேவிட் ஃபோர்ட் வந்தார்.

சிறுபான்மைக்குக் காப்பாக வைத்த 'கவலை மனு' இன்னொரு கதை. 30 பேர் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்துக்கும் இரு தரப்புச் சம்மதம் கட்டாயமாகிவிடும். 2011க்குப் பிறகு டி.யு.பி.க்கு மட்டுமே 38 பேர். 2015 நவம்பரில் தன்பாலினத் திருமணத் தீர்மானத்துக்கு ஆதரவு 53, எதிர்ப்பு அதைவிடக் குறைவு. மனு வந்ததால் தோற்றது. சிறுபான்மையின் கேடயம் சபையின் பெரிய கட்சி கையில் கத்தியானது. இப்போது ஒரே கட்சி மட்டும் கையெழுத்துப் போட்டால் அந்த மனு செல்லாது.

இருந்தும் பெரிய ஓட்டை அடைபடவில்லை. முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் அதிகாரத்தில் சமம். ஒருவர் விலகினால் இன்னொருவர் பதவியும் போகும். 2017இல் ஷின் ஃபேன் விலகி மூன்று ஆண்டு முடங்கியது, 2022இல் டி.யு.பி. விலகி இரண்டு ஆண்டு. இதில் 2022 மே தேர்தலுக்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். சபாநாயகர் தேர்வுக்கும் இரு தரப்பு ஓட்டு தேவை என்பதால், டி.யு.பி. அதற்கே சம்மதிக்கவில்லை. அவையை நடத்த ஆளில்லை, அதனால் அவையும் இல்லை. மற்றவர் என்று பதிந்த அலையன்ஸுக்கு 90 பேரில் 17 பேர் இருந்தும் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. லண்டனோடு பேசி முடித்து, 2024 பிப்ரவரி 3 அன்று சபை கூடியபோது முதல் வேலை சபாநாயகர் தேர்தல்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் டி.யு.பி.யின் எட்வின் பூட்ஸ். அதற்குப் பிறகுதான் ஷின் ஃபேனின் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரானார்.