டிரேட் விண்டில் வியாபாரம் எங்கிருந்து வந்தது?

[திரையில்: அட்லாண்டிக் வரைபடம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கரீபியன் பக்கமாக அம்புக்குறிகள்.]

வணக்கம். பள்ளிக்கூடத்தில் 'வியாபாரக் காற்று' என்று படித்திருப்பீர்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்கிலிருந்தும், தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்று. ஆங்கிலத்தில் டிரேட் விண்ட். வியாபாரக் கப்பல்களுக்கு உதவியதால்தான் இந்தப் பெயர் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். உதவியது உண்மை. பெயர் வந்த கதை வேறு.

இடைக்காலத்தில் லூபெக் போன்ற வட ஜெர்மானியத் துறைமுகங்களின் வணிகர்கள் பேசியது கீழ் ஜெர்மன் மொழி. 14ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்தப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் 'டிரேட்'. அப்போது அதற்குக் கொடுக்கல் வாங்கல் என்ற பொருளே கிடையாது. தடம், அதுவும் கப்பல் போகும் தடம். மிதிப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. ஜிம்மில் டிரெட்மில் இருக்கிறதே, அதிலுள்ள 'டிரெட்' இதே குடும்பம்தான்.

[திரையில்: கப்பலுக்குப் பின்னால் நீளும் வெள்ளை நுரை, மெல்ல மறைகிறது.]

மண்ணில் மிதித்தால் தடம் பதியும். கடலில் இந்த நுரைதான் மிச்சம், அதுவும் கொஞ்ச நேரம்தான். அப்படியிருந்தும் தண்ணீரில் போன வழியைத் தடம் என்றார்களே, எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது அதனால்தான்.

சரி, தடம் எப்படி வியாபாரமானது? தினமும் போகும் தடம், வழக்கமான போக்கு ஆனது. வழக்கமாகச் செய்வது தொழில் ஆனது. தொழிலிலிருந்து வணிகம். நம்மிடமும் 'நட' என்பதிலிருந்து 'நடத்தை' வரவில்லையா, அந்த மாதிரி.

காற்று இதில் எங்கே வருகிறது? ஒரே திசையில் விடாமல் காற்று அடித்தால் 'டிரேடாக வீசுகிறது' என்பார்கள் ஆங்கிலேய மாலுமிகள். தடம் மாறாமல் வீசுகிறது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் அதுவே டிரேட் விண்ட் என்ற பெயராக நின்றது. வணிகம் என்ற பொருள் ஓங்கியபின், பழைய பொருள் மறந்துபோனது.

எவ்வளவு விடாமல் வீசும் தெரியுமா? 1492 செப்டம்பரில் கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே போனபோது, காற்று பின்னாலிருந்தே தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்பெயினுக்குத் திரும்பக் காற்றே கிடைக்காதோ என்று மாலுமிகள் பயந்துவிட்டார்கள். செப்டம்பர் 22 அன்று எதிர்க்காற்று அடித்ததும் கொலம்பஸுக்கு நிம்மதி. கடைசியில் அவர் திரும்பியது அந்தத் தடத்திலேயே அல்ல. வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் வேறொரு காற்றைப் பிடித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

[திரையில்: 'தடக்காற்று']

தமிழில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: தடக்காற்று. மூலப் பொருளை அப்படியே பிடித்த சொல் இதுதான். பாடப்புத்தகங்களில் இதையே முதலில் போட வேண்டும் என்பேன். பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடப்பவர்கள் இன்றும் நவம்பர்வாக்கில் கேனரித் தீவுகளில் கூடி, இந்தக் காற்றைப் பிடித்துத்தான் மேற்கே புறப்படுகிறார்கள்.