சுழலாத அணுக்கரு உடைகிறது, துண்டுகள் மட்டும் எப்படிச் சுழல்கின்றன? காமாக் கதிர்கள் தரும் சாட்சியம்

[திரையில்: இருண்ட பின்னணியில் அசைவற்று நிற்கும் ஒரு கோளம்]

வணக்கம். திரையில் அசையாமல் நிற்கும் இந்தக் கோளம், 98 புரோட்டான்களும் 154 நியூட்ரான்களும் கொண்ட கலிஃபோர்னியம்-252 அணுக்கரு. இதன் கோண உந்தம் பூச்சியம். அதாவது இதற்குச் சுழற்சியே கிடையாது. வெளியிலிருந்து எதுவும் இதன்மீது மோதவில்லை. இருந்தும் ஏதோ ஒரு கணத்தில் இது தானாகவே நீண்டு, இடையில் ஒடுங்கி, இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பிரிந்து பறக்கும் அந்த இரண்டு துண்டுகளும் சுழன்றுகொண்டே போகின்றன. அதுவும் ஒவ்வொன்றும் சராசரியாக 6 அல்லது 7 குவாண்டம் அலகு கோண உந்தத்தோடு. சுழலாத ஒன்று பெற்ற பிள்ளைகளுக்குச் சுழற்சி எங்கிருந்து வந்தது? உடைவதற்கு முன்பே வந்துவிட்டதா, உடைந்த பிறகு வந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகும் வழியில் கனமான அணுக்கருக்களின் வடிவம், அவற்றின் உறுதி, அவை உடையும் விதம் ஆகியவற்றையும் பார்த்துவிடுவோம். எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருக்கும் முதன்மையான சாட்சி காமாக் கதிர்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும், நியூட்ரான்களால் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் இருப்பதைக் கண்டார்கள். லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் அது அணுக்கருப் பிளவு என்று விளக்கினார்கள். 1940-இல் ஃபிளெரோவும் பெட்ர்ஷாக்கும் யுரேனியம் தானாகவும் பிளப்பதைக் கண்டுபிடித்தார்கள். பேரியம் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது மீண்டும் வரும்.

[திரையில்: ஓர் ஏணியின் படம்]

சுழலும் அணுக்கருவை ஏணியின் மேல் படியில் நிற்பவராக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் விரும்பிய உயரத்தில் நிற்க முடியாது. படியில்தான் நிற்க முடியும், படிப்படியாகத்தான் இறங்க முடியும். புரோட்டான்களும் நியூட்ரான்களும் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும் அணுக்கருக்களில், ஒவ்வொரு படி இறங்கும்போதும் சுழற்சியில் 2 அலகு குறைகிறது. இரண்டு படிகளுக்கு இடையிலான ஆற்றல் ஒரு காமாக் கதிராக வெளியேறுகிறது. கதிரின் ஆற்றலை அளந்தால் படிகளின் இடைவெளி தெரியும். இனி நான் சொல்லும் ஆற்றல் எண்கள் எல்லாம் கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் உள்ளவை.

யுரேனியம்-238 அணுக்கருவின் முதல் மூன்று படிகள் 44.9, 148.4, 307.2 என்ற உயரங்களில் இருக்கின்றன. அந்தப் படிகளில் சுழற்சி முறையே 2, 4, 6. இப்போது ஒவ்வொரு சுழற்சி எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணால் பெருக்குங்கள்: 2-ஐ 3-ஆல் பெருக்க 6, 4-ஐ 5-ஆல் பெருக்க 20, 6-ஐ 7-ஆல் பெருக்க 42. படிகளின் உயரங்களை இந்த எண்களால் வகுத்தால் 7.5, 7.4, 7.3 என்று வருகிறது. ஏறத்தாழ ஒரே எண்! உறுதியான, நீள்வடிவமான ஒரு பொருள் சுழல்கிறது என்பதற்குக் குவாண்டம் இயற்பியல் எழுதிவைத்த அடையாளம் இதுதான். அந்த எண் மெல்லக் குறைவதற்கும் பொருள் உண்டு: வேகமாகச் சுழலச் சுழல அணுக்கருவின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, சற்றுக் கூடிக்கொண்டே போகிறது. அது கூடினால் படிகள் கீழே இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுமையான கோளத்துக்கு இத்தகைய ஏணியே கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் சுழன்றது என்று சொல்லுவதற்குக் குவாண்டம் உலகில் பொருளே இல்லை. ஆகவே ஏணி தெரிந்தாலே அந்த அணுக்கரு உருண்டையாக இல்லை என்பது உறுதியாகிவிடுகிறது. யாராலும் கண்ணால் காண முடியாத ஒன்றின் வடிவத்தை மூன்று எண்களை வகுத்தே சொல்லிவிட முடிகிறது என்பது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஒரே அணுக்கருவுக்கு இரண்டு ஏணிகள் இருக்கக்கூடும். புளூட்டோனியம்-240-இன் இயல்பான ஏணியில் முதல் படி 42.8-இல் இருக்கிறது. அதே அணுக்கரு, பிளவை நோக்கி நீளும் பாதையில் இடையே உள்ள ஒரு பள்ளத்தில் விழுந்து, சில நானோ விநாடிகள் தங்கிவிடுவதும் உண்டு. அங்கே முதல் படி ஏறத்தாழ 20-இல் இருக்கிறது. படி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்றால், நிலைமத் திருப்புத்திறன் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே அணுக்கருவின் நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. உடையப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்ற அணுக்கருவின் உருவம் இது. இத்தகைய நிலையை 1962-இல் சோவியத் ஒன்றியத்தின் துப்னா ஆய்வு மையத்தில் பொலிகானொவின் குழு அமெரிசியத்தில் முதலில் கண்டது. அதற்குரிய இரண்டாம் பள்ளத்தை 1967-இல் ஸ்ட்ருட்டின்ஸ்கி விளக்கினார். இவ்வளவு கனமான அணுக்கருவில் இவ்வளவு சிறிய ஆற்றல் பெரும்பாலும் காமாக் கதிராக வராமல், அணுவின் உள்ளிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை உதைத்து வெளியேற்றிவிடும். அதனால் புளூட்டோனியத்தின் இந்த ஏணியை 1972-இல் எலக்ட்ரான்களை அளந்துதான் கண்டறிந்தார்கள்.

102 புரோட்டான்கள் கொண்ட நோபெலியம்-254-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் திரவத் துளியாக மட்டும் இருந்திருந்தால், உடையவிடாமல் தடுக்க அதற்கு ஏறக்குறைய எந்த அரணும் இருந்திருக்காது. உள்ளிருக்கும் துகள்கள் கூடு கூடாக அடுக்கப்பட்டிருப்பதே அதைக் காப்பாற்றுகிறது. 1999-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் கால்சியம்-48-ஐ ஈயம்-208 மீது மோதவிட்டு அதை உருவாக்கி, அதன் காமாக் கதிர்களைப் பிடித்தபோது, அது 14 அலகு வரை சுழன்றும் உடையாமல் நின்றது தெரிந்தது. கூடுகள் தரும் அந்தக் காப்பு, சுழற்சியையும் தாங்கும் அளவுக்கு வலியது.

[திரையில்: கோளக் கூட்டைச் சுற்றி உள்நோக்கி நிற்கும் உணர்கருவிகள்]

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. உயர்தூய்மை ஜெர்மானியப் படிகம் ஒன்றைத் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, அதில் காமாக் கதிர் விழும்போது உண்டாகும் மின்னூட்டத்தை அளக்கிறார்கள். 1,332 ஆற்றலுள்ள கதிரை இது ஏறத்தாழ 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள கூர்மையான கோடாகக் காட்டும். சோடியம் அயோடைடு உணர்கருவியில் அதே கதிர் 80-க்கும் மேற்பட்ட அகலமுள்ள மேடாகத்தான் தெரியும். நூற்றுக்கணக்கான துண்டு வகைகளின் ஆயிரக்கணக்கான கோடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், இந்த வேறுபாடு இல்லாமல் ஒன்றுமே செய்ய முடியாது.

இப்போது நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். தயவுசெய்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கலிஃபோர்னியம்-252-இன் அரை வாழ்நாள் 2.6 ஆண்டுகள். அதன் சிதைவுகளில் சுமார் 3 விழுக்காடு தானாக நிகழும் பிளவு. சிறிதளவு கலிஃபோர்னியத்தை மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து, 110 ஜெர்மானிய உணர்கருவிகளுக்கு இடம் தரும் காமாஸ்ஃபியர் போன்ற கோளக் கூட்டின் மையத்தில் நிறுத்துகிறார்கள். தகடு எதற்கு? துண்டுகள் ஒளியின் வேகத்தில் 3 முதல் 5 விழுக்காடு வரையான வேகத்தில் பறக்கின்றன. பறந்துகொண்டே கதிரை வெளியிட்டால், நகரும் பொருளின் கதிர் ஆற்றல் மாறித் தெரியும் டாப்ளர் விளைவால் கோடுகள் கலைந்துவிடும். தகடு அவற்றை ஓரிரு பிக்கோ விநாடிகளில் நிறுத்திவிடுகிறது. ஏணியின் கீழ்ப்படிக் கதிர்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகே வருவதால் கூர்மையாகக் கிடைக்கின்றன.

முதலில் கிடைக்கும் நிறமாலையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. புல்வெளியைப் போல அடர்த்தியாகக் கோடுகள். ஒரு பிளவில் ஏறத்தாழ எட்டுக் காமாக் கதிர்கள் ஒரே நேரத்தில் வருகின்றன என்பதுதான் இங்கே கைகொடுக்கிறது. பேரியம்-144-இன் ஏணியில் கடைசி இரண்டு இறக்கங்கள் 331, 199 என்ற ஆற்றல்களில் வரும். பதிவான பல நூறு கோடி நிகழ்வுகளில், 331-உம் 199-உம் சேர்ந்து வந்தவற்றை மட்டும் எடுத்து, அவற்றோடு உடன்வந்த மூன்றாவது கதிரை வரைந்து பாருங்கள். புல்வெளி மறைந்துவிடுகிறது. எண்ணிவிடக்கூடிய சில கோடுகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றில் சில பேரியம்-144-இன் மேல்படிக் கதிர்கள். மற்றவை யாருடையவை? கூட வந்த துண்டினுடையவை! 98-இலிருந்து பேரியத்தின் 56 புரோட்டான்களைக் கழித்தால் 42; அது மாலிப்டினம். அங்கே 171-இல் ஒரு கோடு தெரிகிறது, அது மாலிப்டினம்-106. 192-இல் இன்னொரு கோடு, அது மாலிப்டினம்-104.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். 144-உம் 106-உம் 250. 252-க்கு 2 குறைகிறது. 144-உம் 104-உம் 248, 4 குறைகிறது. குறைகின்ற அந்த 2-உம் 4-உம் பிளவின்போது பறந்துபோன நியூட்ரான்கள். நியூட்ரான் உணர்கருவி ஒன்றுகூட இல்லாமல், காமாக் கதிர்களை மட்டும் வைத்து, எத்தனை நியூட்ரான்கள் வெளியேறின என்று எண்ணிவிட்டோம். இயற்பியலில் நான் பார்த்த மிக அழகான கழித்தல் கணக்கு இதுதான்.

பேரியம் இன்னொரு வகையிலும் முக்கியமானது. 2016-இல் ஆர்கானில் நடந்த அளவீடு, பேரியம்-144 ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும் பேரிக்காய் வடிவத்தை நாடுகிறது என்று உறுதிசெய்தது. யுரேனியம் போன்றவை இரு சம பாதிகளாகப் பிளக்காமல், 140-ஐ ஒட்டிய நிறையுள்ள பெரிய துண்டையும் ஒரு சிறிய துண்டையும் தருவது ஏன் என்ற பழைய கேள்விக்கு, 2018-இல் ஸ்காம்ப்ஸும் சிமெனலும் இந்தப் பேரிக்காய் வடிவத்தையே விடையாக முன்வைத்தார்கள். இரு துண்டுகளையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்து அறுவதற்குச் சற்று முன்பு துண்டு அந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இசைந்த அணுக்கருக்களே அதிகம் பிறக்கின்றன.

[திரையில்: மீண்டும் அந்த அசையாத கோளம், நீள்கிறது, பிளக்கிறது, துண்டுகள் சுழல்கின்றன]

இனி நம் கேள்வி. பிரான்சின் ஓர்சே நகரில் உள்ள ஆல்ட்டோ முடுக்கியில், நியூ-பால் என்ற உணர்கருவித் தொகுதியைக் கொண்டு ஜொனாதன் வில்சனின் குழு இதை அளந்து, 2021-இல் வெளியிட்டது. தோரியம்-232, யுரேனியம்-238 ஆகியவற்றை வேக நியூட்ரான்களால் பிளந்தார்கள். கலிஃபோர்னியம்-252-இன் தானான பிளவையும் அளந்தார்கள். ஒரு துண்டின் ஏணியில் எந்தப் படியில் எத்தனை வந்து சேர்கின்றன என்று கணக்கிட்டால், அது சராசரியாக எவ்வளவு சுழற்சியோடு பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் நுட்பமானது. துணைத் துண்டு, அதாவது அதே பிளவில் கூடப் பிறந்த மற்றத் துண்டு, தன் ஏணியின் உயர்ந்த படியிலிருந்து இறங்கிய நிகழ்வுகளை மட்டும் தனியே பிரித்தார்கள். துணை அதிகமாகச் சுழன்ற பிளவுகளில் இதுவும் அதிகமாகச் சுழன்றதா என்று பார்த்தார்கள். உடையும் முன்பே இரண்டும் சேர்ந்து சுழற்சியைப் பெற்றிருந்தால், ஒன்று ஏறும்போது மற்றொன்றும் ஏற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. சராசரி அசையவே இல்லை. ஒரு துண்டின் சுழற்சி மற்றதற்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் இருந்தது முடிவு. அதோடு, துண்டின் நிறை கூடக்கூடச் சுழற்சி கூடி, 130-ஐ ஒட்டிச் சட்டென்று விழுந்து, மீண்டும் ஏறும் ரம்பப்பல் வடிவமும் தெரிந்தது. இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டை நடுவில் அறுந்தால் இரு முனைகளும் தனித்தனியே துள்ளுமே, அதுபோல, கழுத்து அறுந்த பிறகு ஒவ்வொரு துண்டும் தன்னோடு ஒட்டியிருக்கும் கழுத்துப் பகுதியை உள்ளிழுத்துக்கொள்ளும்போது தனியாகச் சுழற்சியைப் பெறுகிறது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள்.

ஆனால் வழக்கு முடியவில்லை. அதே 2021-இல் யோர்கன் ராண்ட்ரப்பும் ரமோனா வோக்டும், தொடர்பு தெரியவில்லை என்பதால் மட்டும் சுழற்சி பிற்பாடு வந்தது என்று சொல்லிவிட முடியாது என்று காட்டினார்கள். கழுத்து அறும் முன்பே இரு பக்கங்களுக்கும் இடையே புரோட்டான்களும் நியூட்ரான்களும் இடம் மாறிக்கொண்டிருக்கும். அதனால் எழும் பல்வேறு ஆட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, சுழற்சிகளுக்கு இடையிலான தொடர்பை ஏறக்குறைய அழித்துவிடும். கணக்கைச் சரிக்கட்டுவதற்குத் துண்டுகள் ஒன்றையொன்று சுற்றும் இயக்கமும் இருக்கிறது. ஆகவே மொத்தம் பூச்சியமாக இருந்தாலும் இரண்டு சுழற்சிகளும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் மனம் இந்த எதிர்வாதத்தின் பக்கமே சாய்கிறது. அதற்காக வில்சன் குழுவின் அளவீட்டின் மதிப்பு சற்றும் குறைந்துவிடாது, ஏனெனில் எந்தக் கோட்பாடும் இனி அந்த ரம்பப்பல்லை விளக்கியே தீர வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் காரணத்தோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

இரு தரப்பையும் பிரித்துக் காட்டக்கூடிய அளவு, சுழற்சிகளின் பருமன் அல்ல, அவற்றின் திசை. இரண்டு துண்டுகளின் சுழல் அச்சுகளுக்கு இடையே என்ன கோணம் இருக்கும் என்பதில் கோட்பாடுகள் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. காமாக் கதிர் எந்தத் திசையில் அதிகம் கிளம்புகிறது என்பது சுழல் அச்சைப் பொறுத்தது. ஆகவே அடுத்து அளக்க வேண்டியது, ஒரே பிளவில் பேரியத்திலிருந்து வந்த 199-க்கும் மாலிப்டினத்திலிருந்து வந்த 171-க்கும் இடையே உள்ள கோணம்.