குன்றில் இரண்டு மாளிகைகள்: கார்கோசாவும் ஸ்ரீ நெகாராவும்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கார்கோசா ஸ்ரீ நெகாரா என்றதும் நம்மில் பலர் ஒரே மாளிகையை நினைத்துக்கொள்கிறோம். கோலாலம்பூர் லேக் கார்டனை ஒட்டிய அந்தக் குன்றில் இருப்பவை இரண்டு கட்டடங்கள். ஒன்று கார்கோசா. மற்றொன்று கிங்ஸ் ஹவுஸ் என்ற பெயரில் இருந்த ஸ்ரீ நெகாரா. 1989இல் இரண்டையும் சேர்த்து ஒரே ஹோட்டலாக நடத்தத் தொடங்கியபோது இரு பெயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அஞ்சலட்டையில் வருவது கார்கோசாவின் முகப்பு. நாட்டின் தலையெழுத்து எழுதப்பட்டதோ ஸ்ரீ நெகாராவில். மலாயாத் தமிழரின் குடியுரிமைக் கதையும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. அதனால் என் உரையில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வீட்டுக்கே.

கார்கோசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 ஜூலை 1ஆம் தேதி கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. அவற்றின் முதல் ரெசிடெண்ட் ஜெனரல், அதாவது பிரிட்டிஷ் தலைமை நிர்வாகி, ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். அவருக்காகக் கட்டிய அதிகாரபூர்வ இல்லம்தான் கார்கோசா. ஜப்பானியர் 1942 ஜனவரியில் கோலாலம்பூரைப் பிடித்ததும் அவர்களின் மேலதிகாரிகள் அதில் குடியேறினார்கள். 1956இல் முதலமைச்சராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், நல்லெண்ணத்தின் அடையாளமாக வீட்டையும் நிலத்தையும் பிரிட்டிஷ் அரசுக்கே கொடுத்துவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு அது பிரிட்டிஷ் தூதரான ஹைகமிஷனரின் இல்லமாக இருந்து, 1987இல் மலேசியாவின் கைக்குத் திரும்பியது.

கிங்ஸ் ஹவுஸ் வேறு தேவைக்காக எழுந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சிங்கப்பூரில் இருந்தார். அவரே இந்த மாநிலங்களுக்கு ஹைகமிஷனர், அதாவது பிரிட்டிஷ் அரசின் தலைமைப் பிரதிநிதி. அவர் கோலாலம்பூர் வந்தால் தங்குவதற்குக் கட்டிய விருந்தினர் இல்லம் அது. போருக்குப் பின் அதிகார மையம் கோலாலம்பூருக்கு வந்ததும், அந்த விருந்தினர் இல்லமே நாட்டின் தலைமை இல்லமாகிவிட்டது.

மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒரே ஆட்சியின்கீழ் இணைத்து 1946இல் வந்த மலாயன் யூனியனை மலாய் சமூகம் ஒன்றுதிரண்டு எதிர்த்தது. அது கைவிடப்பட்டு, 1948 ஜனவரி 21ஆம் தேதி மலாயாக் கூட்டரசு உடன்படிக்கையில் பிரிட்டிஷ் தரப்பில் எட்வர்ட் ஜெண்டும் மலாய் ஆட்சியாளர்களும் கையொப்பமிட்ட இடம் இந்தக் கிங்ஸ் ஹவுஸ். பிப்ரவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. பள்ளிப் பாடத்தில் கையொப்பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தாளுக்குள் இருந்த குடியுரிமை விதிகளை யாரும் விரித்துப் பேசுவதில்லை. நாம் கொஞ்சம் பேசுவோம்.

பிரிட்டிஷ் பிரஜையாகக் கருதப்பட்ட ஒரு தமிழ்க் குழந்தை கூட்டரசு நிலப்பகுதியில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அதன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ச்சியாக 15 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். அப்போதுதான் குடியுரிமை தானாக வரும். மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே பிறந்தவர் என்றால் முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசிப்பு. வெளியே பிறந்தவர் என்றால் முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு வசிப்பு. அதோடு மலாய் அல்லது ஆங்கில அறிவு.

இதைத் தோட்டப்புறத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்ட வேலைக்கு ஆளெடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. தடைக்குச் சற்று முன் வந்து இறங்கிய பால்மரத் தொழிலாளி ஒருவர் 1948இல் விண்ணப்பிக்கப் போனால் அவர் கையில் இருப்பது 10 ஆண்டுதான். 1953 வரை காத்திருக்க வேண்டும். முன்பே வந்தவருக்கும் சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ ஊருக்குப் போய் ஓராண்டு தங்கியிருந்தால் அந்த இடைவெளி வசிப்புக் கணக்கைப் பாதிக்கும். தொழிலாளரின் பெயரையும் வேலை நாளையும் பதியும் தோட்டத்தின் செக்ரோல் புத்தகம் போரில் தொலைந்திருந்தால் வசிப்பை எதை வைத்து நிரூபிப்பது? தமிழ் மட்டுமே தெரிந்தவர் மொழிச் சோதனையில் என்ன செய்வார்? ஜான் திவியின் தலைமையில் 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ் இந்த ஏற்பாட்டை எதிர்த்த அணியில் நின்றதன் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அதற்கடுத்த ஆண்டுகள், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு அரசு போரிட்ட அவசரகாலம். ஹைகமிஷனர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜெரால்ட் டெம்ப்ளர் காலத்தில் குடியுரிமை விதிகள் ஓரளவு தளர்ந்தன.

1957 ஆகஸ்ட் 5ஆம் தேதி அதே கிங்ஸ் ஹவுஸில் இன்னொரு கையொப்பம். ஹைகமிஷனர் டொனால்ட் மெக்கில்லிவ்ரேயும் ஆட்சியாளர்களும் சுதந்திர மலாயாவுக்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். அதனுடன் வந்த அரசியலமைப்பில், ஆகஸ்ட் 31 முதல் இந்த மண்ணில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பே குடியுரிமை என்றானது. முன்பே இங்கு பிறந்தவருக்கு 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வசிப்பு போதும். வெளியே பிறந்து இங்கே குடியிருந்தவருக்கு 12 ஆண்டுகளில் 8. இங்கே பிறந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்ச் சோதனையும் இல்லை. அந்த ஓராண்டுச் சலுகையை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்ட குடும்பமும் தவறவிட்ட குடும்பமும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்திருக்க முடியும். பிறகு ஒரு வீட்டில் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, மறு வீட்டில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு.

சுதந்திரத்துக்குப் பின் கிங்ஸ் ஹவுஸ் இஸ்தானா தெத்தாமு ஆனது. அரசாங்க விருந்தினர்கள் தங்கினார்கள். ஹோட்டலான பிறகு இரு கட்டடங்களிலும் சேர்த்து 13 அறைத்தொகுதிகளே இருந்தன. 1989 காமன்வெல்த் மாநாட்டுக்கு வந்த எலிசபெத் அரசியார் கார்கோசாவில்தான் தங்கினார். ஹோட்டல் 2015இல் மூடப்பட்டது.

இப்படிப்பட்ட வீடு ஆளில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை. முதலில் அடைவது கூரைப் பீலி. சருகு அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் வழியும், நனைந்த உத்தரத்தைத் தேடிக் கரையான் வரும். கீழே தரை ஈரம் செங்கல் வழியாக மேலேறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழுது பார்க்கிறேன் என்று அதன்மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உப்பி உதிரும். மறுபடியும் சிமெண்டு அடித்தால் அதே நோய் ஒரு முழம் மேலே போகும். சரியான வழி மெதுவானது. முதலில் பீலியையும் வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். பிறகு சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு இறுகும்முன் அடுத்ததைப் பூசினால் வெடிப்பு விடும். ஒப்பந்தக் கெடுவுக்காக உலரும் காலத்தைக் குறைப்பதுதான் பழைய கட்டட வேலைகளில் நடக்கும் பெரிய தவறு.

மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் இந்தக் கட்டடங்களின் மறுசீரமைப்பை ஏற்றிருப்பது நல்ல செய்தி. சுவரைப் போலவே உள்ளே வைக்கும் காட்சிக்கும் அக்கறை வேண்டும். நாற்காலியும் பீங்கானும் மட்டும் வைத்தால் போதாது. 1948 விதிகளையும் 1957 விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் எழுத வேண்டும்.

அந்தக் காட்சிக்கு உரிய தாள்களில் ஒரு பகுதி நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. தாத்தா பாட்டியின் குடியுரிமைச் சான்றிதழ், கப்பல் சீட்டு, தோட்டத்துப் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஸ்டேப்ளர் கம்பியை எடுத்துவிடுங்கள். துருப்பிடித்துத் தாளை அரிக்கும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள், ஏனென்றால் முத்திரையும் எண்ணும் பல நேரம் பின்பக்கத்தில்தான் இருக்கும். அமிலமில்லாத உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.