மோரா, பினாயிலா? பிள்ளைகளுக்கு வைத்த ஒரு பரீட்சை

வணக்கம், வாருங்கள். இன்றைக்குக் காரைக்குடி வீட்டில் இல்லை, ஊர் வீட்டில் இருக்கிறேன். பின்னால் தெரிகிறது பாருங்கள், வளவு, வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றம். வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் படைப்பு, முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுவது. பங்காளிகள் எல்லாரும் வந்து சேர்வார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, அதனால் நாலு நாளாக ஒட்டடைக் கம்பும் கையுமாக அலைகிறோம். கவுனி அரிசி செய்து காட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அது அப்புறம்.

போன வருஷம் இதே துப்புரவு வேலையின்போது ஒன்று நடந்தது. இதுவரைக்கும் உங்களிடம் சொன்னதில்லை, சொல்லக் கூச்சம்.

தெருவில் மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று வருவார்கள் அல்லவா? குளியலறைத் தரையில் உப்புத் தண்ணீர்க் கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டு பாட்டில் ஆசிட் வாங்கினேன். கொடுத்தது பழைய தண்ணீர் பாட்டிலில். நாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் குடிக்கிற அதே ஒரு லிட்டர் பாட்டில், அதே நீல மூடி. பாதி கிழிந்த லேபிளில் பனிமலைப் படம்கூட இருந்தது. முகப்பில் திண்ணை ஓரமாக வைத்துவிட்டுச் சில்லறை எடுக்க உள்ளே போனேன்.

சித்திரை வெயில். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. ஓடியாடிவிட்டு வந்தவன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். மடியில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பெரியவள் பார்த்துவிட்டு, "டேய், அது ஆசிட்டுடா" என்று போட்ட சத்தத்தில் பாட்டில் கை நழுவிப் படியில் உருண்டது. மூடி இறுக்கமாக இருந்ததால் திறக்கவில்லை.

நான் வந்து அவனை அடித்தேன். கூச்சம் என்று சொன்னது இதைத்தான். தாகத்துக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்த பிள்ளையை அடித்திருக்கிறேன். ராத்திரி அவன் தூங்கிய பிறகு அயித்தை, என் மாமியார், மெதுவாகக் கேட்டார்கள். "தண்ணிப் பாட்டில்ல தண்ணிதான் இருக்கும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு ஆத்தா?"

பதில் சொல்ல முடியவில்லை. நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்.

ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவர் பெயர், விலாசம் பதிவேட்டில் ஏற வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அது ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு. எங்கள் தெருவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் யோசிக்கவில்லை. விற்றவரைக் குறை சொல்லி என்ன, வாங்கித் திண்ணையில் வைத்தது நான்.

சரி, இந்த வருஷம் என்ன செய்தோம் என்று காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வருகிறேன். மூன்று கண்ணாடிப் பாட்டில் இருக்கிறதா? ஊறுகாய் பாட்டில்தான், கழுவி வைத்தது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன், பிள்ளைகளால் திறக்க முடியாது. ஒன்றில் நீர்மோர். ஒன்றில் அரிசி கழுவிய தண்ணீர். ஒன்றில் வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் கலந்து ஊற்றியது. எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்களுக்கும் தெரியவில்லை அல்லவா? பெரியவள் நடு பாட்டிலை மோர் என்றாள். சின்னவன் எல்லாமே மோர் என்றான். வேலைக்கு வருகிற அக்காவைக் கேட்டேன், அவர்களும் தப்பாகத்தான் சொன்னார்கள். எனக்கே, வைத்த வரிசையை மறந்துவிட்டுப் பார்த்தபோது குழப்பம்தான். அரிசித் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"மூடியத் திறந்து மோந்து பாத்தா தெரியும்" என்றாள் பெரியவள். நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் மோந்து பார்ப்பதையும் நான் பழக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: தெரியவில்லை என்றால் தெரியவில்லை, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். இந்தப் பரீட்சையில் "தெரியாது" என்று சொன்னால்தான் மார்க். அதை ஏற்றுக்கொள்ள அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளை. (பரீட்சை முடிந்ததும் மூன்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில் இனி ஊறுகாய்க்கு ஆகாது.)

மோந்து பார்க்கிற விஷயம். போன வருஷமே இன்னொன்றும் நடந்தது. குளியலறையில் அக்கா முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார்கள். கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றினார்கள். தனித்தனியாக இரண்டுமே எல்லாரும் பயன்படுத்துவதுதான். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அக்கா இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகத் தங்கும். நமக்கு இடுப்பு உயரம் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூக்கு உயரம். நல்லவேளை பிள்ளைகள் வெளியே இருந்தார்கள், கதவைத் திறந்தால் வளவு, மேலே வானம். அடுக்குமாடி வீட்டில், ஜன்னல் இல்லாத குளியலறையில் இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சோடு ஆசிட் மட்டுமில்லை, வினிகரும் கூடாது, அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவமும் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது சட்டம், பிளீச்சிங் பவுடர் எதோடும் சேராது, தண்ணீரைத் தவிர.

காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். நம் ஊர் சிக்ரி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அந்தப் பக்கம் போகும்போது பெரியவளுக்குச் சொன்னேன்: உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளோரின் வரும், மிச்சத்தில் காஸ்டிக் சோடா கிடைக்கும். பிளீச், ஆசிட், அடைப்பு எடுக்கிற பவுடர் எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த உப்புத் தண்ணீர்தான். அவளுக்கு இது பிடித்துவிட்டது, ஸ்கூலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்தது படம் தேடுகிற விளையாட்டு. கரப்பான் மருந்து, கொசு மருந்து, எலி மருந்து டப்பாக்களில் ஒரு சாய்சதுரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1971-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் வந்தது. கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் விஷயம்: சிவப்பு கடும் விஷம், அதற்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. சாய்சதுரம் என்றால் சின்னவனுக்குப் புரியவில்லை. கீழே பார் என்றேன். இதோ நான் உட்கார்ந்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிறதே, அதே வடிவம். உடனே பிடித்துக்கொண்டான். வீடு முழுக்கத் தேடி ஐந்து டப்பா கொண்டு வந்து, இல்லை இல்லை, தொடவில்லை, ஐந்து இடத்தைக் காட்டினான்.

ஆனால் பச்சையைக் காட்டி, "அம்மா, இது சைவம்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், சாப்பிடலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது கொசு மருந்து சைவம் ஆகிவிட்டது. வட்டப் புள்ளி வேறு, சாய்சதுரம் வேறு, பச்சையும் விஷ வரிசையில்தான் இருக்கிறது என்று உட்கார்ந்து படம் வரைந்து காட்டினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். இன்னொன்று, அந்த அடையாளம் பூச்சி மருந்துக்கு வந்தது. அது இல்லாத பாட்டிலெல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

குக்கர் விசில், ஒரு நிமிஷம்.

ம், வந்துவிட்டேன். தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமென்டுக்கு ஆசிட் ஆகாது. உடைந்த கல் ஒன்று பின்கட்டில் கிடந்தது, அதில் எலுமிச்சம்பழச் சாறு நாலு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் வைத்தோம். இதோ கிட்டக் காட்டுகிறேன். துடைத்த பிறகும் அந்த இடம் மட்டும் வட்டமாக மங்கிப்போய் இருக்கிறது, விரல் வைத்தால் சொரசொரப்பு. பெரியவள் ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப லெமன் ஜூஸ் மட்டும் எப்படிக் குடிக்கிறோம்?" என்றாள். திணறித்தான் போனேன். எலுமிச்சையும் ஆசிட்தான், ஆனால் வலு குறைவு, தண்ணீர் கலக்கிறோம் என்று ஏதோ சமாளித்தேன். நல்ல கேள்வி.

அதனால்தான் இயற்கை என்று எழுதியிருந்தால் எல்லாம் சரி என்று நான் நம்புவதில்லை. இந்தத் தரைக்கும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும், பளிங்குக்கும் வினிகர், எலுமிச்சை இரண்டும் எதிரி. வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், காலம் காலமாக இவ்வளவுதான். துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு வரும். பித்தளைக்குப் புளி. எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீர், அது கண்ணில் பட்டால் எரியும், அதையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். கழிப்பறைப் பீங்கானில் உப்புக்கறைக்கு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்பார்கள். வெந்நீரில் கரைத்து ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் தேய்த்தால் போகிறது. ஆசிட் மாதிரி ஐந்து நிமிஷத்தில் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோடா மாவும் வினிகரும் கலந்து நுரை பொங்கவிடுகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வலுப் போய்விடும். பார்க்கத்தான் அழகு.

பெட்டகத்தைத் திறந்தபோது பட்டுப் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை. வெள்ளை வெளேரென்று மிட்டாய் மாதிரியே இருக்கிறது. நாப்தலீன், விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிற பிள்ளைகளுக்கு ரொம்பவே ஆபத்து. சாமி அறைக் கற்பூரமும் அப்படித்தான், சின்னப் பிள்ளை கொஞ்சம் தின்றாலே வலிப்பு வரலாம். உருண்டையை எடுத்துவிட்டு நொச்சி இலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர், ஆனாலும் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்காதீர்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் போன வழியே திரும்ப வந்தால் தொண்டை இன்னொரு முறை வேகும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவ வேண்டும். பிறகு 108. அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, கட்டணம் இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது கடைசியாக ஒரு தலைவலி. இரண்டாங்கட்டு அலமாரி மூலையில் இந்த பாட்டில் கிடைத்தது. பழுப்பு நிறம், லேபிள் இல்லை. அயித்தைக்கும் என்னவென்று தெரியவில்லை, "அப்பச்சி காலத்துச் சாமான்" என்றார்கள். சாக்கடையில் ஊற்ற மனசில்லை. வீட்டு அபாயக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். ஆகவே திறக்காமல் பையில் கட்டி, அட்டையில் விஷம் என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டியில் வருகிற அக்கா கையில் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். எழுதினது பெரியவள். அதற்குக் கீழே சாய்சதுரம் போட்டு மண்டையோடு வரைந்தது சின்னவன். மண்டையோட்டுக்கு ஏன் மீசை இருக்கிறது என்று கேட்டேன். பூனையும் குடிக்கக் கூடாதாம்.

ஆங், அயித்தை கூப்பிடுகிறார்கள். மாடியில் இன்னும் ரெண்டு அலமாரி பாக்கி. வரட்டுமா?